கரடி தூங்கும் பக்கம்

“முப்பது, முப்பத்தொண்ணாம் பக்கம். போட்டுட்டியா?” என்று கேட்டாள் ஆர்டித்.

“போட்டாச்சு,” என்றார் ஓரின். அவருக்கு இரண்டு விரல்களால்தான் தட்டச்சு வரும். சாப்பாட்டு மேசையைக் கார் ஷெட்டுக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாட்களாக அவள் சொல்லச் சொல்ல அடித்தது, அன்று காலை கடைசி இரண்டு பக்கங்களுக்கு வந்திருந்தது.

“அங்க வார்த்தை கிடையாது. அப்படியே போடு, வார்த்தை இல்லைன்னு.”

“வெறும் பக்கமா?”

“வெறும் பக்கம் எப்படி ஆகும், படம் இருக்கும்ல.” மூச்சு வாங்க நிறுத்தினாள். “ரெமிக்குத் தெரியும்.”

“அதையும் அடிக்கணுமா?”

“எதை?”

“ரெமிக்குத் தெரியும்கிறதை.”

“அவனுக்குத் தெரியும்னு அவன்கிட்டயே எதுக்குச் சொல்லணும்?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. ஓரின் தண்ணீர்க் குவளையின் உறிஞ்சுகுழலை அவள் உதட்டருகே பிடித்தார்.

“மிரியத்துக்கு அனுப்பிடு. இன்னைக்கே,” என்றாள்.

“ஓட்ஸ் அடுப்புல இருக்கு. பாத்துட்டு அனுப்பறேன்.”

கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஓட்ஸ் இன்னும் கொதிக்கவில்லை. கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டு, மேடையோரம் நின்றபடியே முதலிலிருந்து படித்தார்.

அது அவளுடைய பன்னிரண்டாவது புத்தகம். பன்னிரண்டும் ஒரு வாத்தையும் ஒரு கரடியையும் பற்றியவை, நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கானவை. இலையுதிர்காலத்தில் மற்ற வாத்துகள் வரிசை கட்டித் தெற்கே பறந்துபோகும். இந்த வாத்துக்குப் பறக்கப் பிடிக்காது. நடந்துகொண்டே இருக்கும். கரடி அதைக் கேலி செய்யாது. பதினொரு புத்தகங்களிலும் குளிர்காலம் வருவதற்கு முன்பே கதையை முடித்துவிடுவாள். இதில்தான் முதல் தடவையாகப் பனி விழுந்தது. வாத்து தனியாகிவிடுமே என்று, குளிர்காலம் முழுக்கத் தூங்கும் கரடி இந்த வருஷம் தூங்குவதில்லை என்று முடிவு செய்கிறது. நின்றபடி கண்ணயர்ந்து மரத்தில் மோதிக்கொள்கிறது. கடைசியில் வாத்து அதைக் குகைவரை கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறது: “நீ தூங்குற ஆளு. நான் நடக்குற ஆளு. தூங்கு. நான் நடந்துட்டு வரேன்.”

அதற்கடுத்துத்தான் முப்பது, முப்பத்தொன்று. வார்த்தை இல்லை.

எழுதுகிறவரும் வரைகிறவரும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம். கதை நியூயார்க்கில் இருக்கும் பதிப்பாசிரியர் மிரியத்துக்குப் போகும். மிரியம் அதை லூசியானாவில் இருக்கும் ரெமி லாண்ட்ரிக்கு அனுப்புவாள். படங்களும் அவள் வழியாகவே திரும்பி வரும். விட்டால் எழுதுகிறவர் வரைகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூக்கு நீளம், வால் குட்டை என்று ஆரம்பித்துவிடுவாராம். இருபத்திரண்டு வருஷங்களில் ஆர்டித் அவனுடைய குரலைக்கூடக் கேட்டதில்லை. அட்டையில் மட்டும் இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். ஆர்டித் ஹால்வர்சன். ரெமி லாண்ட்ரி. ஹால்வர்சன் என்பது ஓரினின் பெயர்தான். அட்டையைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

படங்கள் வரும் நாளை ஓரினுக்குப் பிடிக்காது. ஆர்டித் உறையை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பாள். வாயைப் பொத்தியும் அடங்காமல் மூக்கு வழியாக வரும் சிரிப்பு. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷங்களில் ஓரின் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

முப்பத்து நான்கு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர் அவர். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “பனி இப்படியா நீலமா இருக்கும்?” என்று கேட்டார். அந்தப் புத்தகத்தில் தூரத்து மலைமேல் மட்டும் கொஞ்சம் பனி இருந்தது.

“அது சாயங்காலப் பனி.”

“சாயங்காலப் பனியை அவன் எங்க பாத்தான்? அவன் ஊர்ல தவளைதான் இருக்கும்.”

“உனக்கு என்ன அவன்மேல?”

“எனக்கென்ன. பனி தப்பா இருக்குன்னேன்.”

மூன்றாவது புத்தகத்தில்தான் அந்தப் பூட்ஸ் வந்தது. ஆர்டித் எழுதியதில் எங்கும் பூட்ஸ் இல்லை. ரெமி வாத்தின் ஒரு காலில் மட்டும் சிவப்பு பூட்ஸ் மாட்டிவிட்டிருந்தான், தடித்த அடியுள்ளது. ஆர்டித்துக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடதுகால் குட்டையாகிப்போயிருந்தது. வாழ்நாள் முழுவதும் இடதுகாலுக்கு உயரமான அடி வைத்த ஷூதான். புத்தகங்களில் அவள் புகைப்படம் போட்டதில்லை. பேட்டி கொடுத்ததும் இல்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு அன்று அவள் சிரிக்கவில்லை. “இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று மட்டும் கேட்டாள்.

நீயே அவனுக்குக் கடிதம் எழுதிப் போட்டிருப்பாய் என்று ஓரின் நினைத்தார். சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லவில்லை. அவள் அஞ்சலகத்துக்குத் தனியாகப் போன நாட்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டார்.

ஓட்ஸ் கொதித்து மேலே வந்தது. அடுப்பைக் குறைத்தார். திரையில் முப்பது, முப்பத்தொன்று என்ற எண்களும் அதன் கீழே அவள் சொன்ன இரண்டு சொற்களும் இருந்தன. அந்த இரண்டையும் அழித்தார். அங்கே இரண்டு விரல்களால் அடித்தார்: ‘வசந்தம் வந்ததும் கரடி எழுந்துகொண்டது.’ ஒருமுறை படித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. மிரியத்துக்கு அனுப்பினார்.

ஓட்ஸைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தபோது ஆர்டித் கண்களை மூடியிருந்தாள்.

“போச்சா?”

“போச்சு.”

“நான் சொன்ன மாதிரிதானே?”

“ஆமா.”

இரண்டு கரண்டி சாப்பிட்டாள். உப்பு ஜாஸ்தி என்றாள். பிறகு தூங்கினாள். மதியம் இரண்டு மணிக்கு வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரினை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

*

அடக்கம் செவ்வாய்க்கிழமை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழக்கம்போல பன்றியிறைச்சி வைத்த பன்னும் ஊறுகாயும் ஏழெட்டு விதமான இனிப்புத் துண்டுகளும் பெரிய கெட்டிலில் காபியும் இருந்தன. பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு பரிமாறினார்கள். மகள் லின்னேயா ஆர்டித்தின் புகைப்படங்களை ஒரு பலகையில் குத்தி வாசலருகே நிறுத்தியிருந்தாள். வந்தவர்கள் கையில் தட்டோடு நின்று அதைப் பார்த்துவிட்டு ஓரினிடம் வந்து, “நல்லா இருந்தா,” என்று சொல்லிவிட்டு உட்காரப் போனார்கள்.

ஓரின் ஒரு கையில் பன்னும் மறுகையில் காபியும் வைத்திருந்தார், இன்னும் வாயில் வைக்கவில்லை. அப்போது படிக்கட்டில் ஒருவன் இறங்கி வந்தான். சரிந்த தோள்கள், பெரிய வயிறு, மூக்கின் நுனிக்கு நழுவிய கண்ணாடி. எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டான். கரடி வந்துவிட்டது என்றுதான் ஓரினுக்கு முதலில் தோன்றியது. பதினொரு புத்தகங்களில் பார்த்த கரடி அப்படியே கறுப்பு கோட்டு போட்டு நின்றது.

உள்ளூர்ப் புத்தகக் கடையில் குழந்தைகள் ஓரினிடம் கேட்டிருக்கிறார்கள், நீங்கதான் கரடியா என்று. அவரும் ஒன்றிரண்டு தடவை ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்.

“அப்பா, அவர்தான் ரெமி லாண்ட்ரி,” என்றாள் லின்னேயா. “நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து ரெண்டு விமானம் மாறி வந்திருக்கார். மிரியம்தான் சொல்லி விட்டாங்களாம்.”

“யாரு கூப்பிட்டா?”

“சாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா? நீ போய்ப் பேசு.”

அதற்குள் வெர்ன் அவனைப் பிடித்துவிட்டிருந்தார். ஓரினோடு லாரி ஓட்டிய வெர்ன் அவனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய தோல் ஷூ, பனிநீரில் ஊறிக் கறுத்திருந்தது.

“இதைப் போட்டுக்கிட்டு எங்க ஊர்ல ரெண்டு நாள் நடக்கலாம்,” என்றார் வெர்ன். “மூணாவது நாள் விரலை எண்ணிப் பாத்துக்கணும்.”

“இன்னைக்கே ரெண்டு மூணு குறையற மாதிரிதான் இருக்கு சார்,” என்றான் ரெமி.

வெர்ன் சிரித்தார். ஓரினுக்கு அதுவும் பிடிக்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டுப் போவதற்குள் ரெமி புகைப்படப் பலகையின் முன்னால் போய் நின்றுவிட்டான். அவர் அவனுக்குப் பின்னால் நின்றார்.

ரெமி ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏரிக்கரைப் பாறைமேல் ஆர்டித் உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். பாவாடைக்குக் கீழே இரண்டு கால்களும் தெரிகின்றன, இடது ஷூவின் அடி மட்டும் செங்கல் கனத்தில். ரெமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். விரலை அந்த ஷூவின் அருகே கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டான்.

“இது எப்பலேர்ந்து?” என்று யாரிடம் என்று இல்லாமல் கேட்டான்.

“ரெண்டு வயசுலேர்ந்து,” என்றார் ஓரின்.

திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்படி ஒரு முகத்தை யாராலும் நடிக்க முடியாது என்பது ஓரினுக்குத் தெரிந்தது.

“அவ உனக்குச் சொல்லலையா?”

“என்கிட்ட அவங்க பேசினதே இல்லையே சார்.”

“அப்ப பூட்ஸ்?”

ரெமி பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அது... படிக்கறப்ப கேட்டுது. ஒரு வரி நீளம், அடுத்த வரி குட்டை. நீளம், குட்டை. எல்லாப் பக்கத்துலயும் அப்படித்தான் எழுதுவாங்க. இந்த வாத்து சாஞ்சு நடக்குதுன்னு எனக்குத் தோணிச்சு. நேரா நடக்கட்டும்னு ஒரு பூட்ஸ் குடுத்தேன். அவ்வளவுதான்.”

அவள் கடிதம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஓரினுக்குத் தோன்றியது. கடிதத்தை மன்னித்துவிடலாம். தினமும் பக்கத்தில் படுத்தவர், அந்த ஷூவுக்கு நாற்பத்து மூன்று வருஷம் பாலிஷ் போட்டவர், அவள் வரிகள் நொண்டுவதைக் கேட்டதே இல்லை.

“இங்க சத்தமா இருக்கு. வா,” என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குப் பாடம் நடக்கும் அறை காலியாக இருந்தது. முழங்கால் உயர மேசை, அதைச் சுற்றிக் குட்டி மரநாற்காலிகள். வேறு நாற்காலி இல்லை. இருவரும் அதிலேயே உட்கார்ந்தார்கள். ரெமி உட்கார்ந்த நாற்காலி முனகியது.

“நான் கண்ணாடில என்னையே பாத்துதான் கரடியை வரைவேன்,” என்றான், ஓரினின் பார்வையைப் புரிந்துகொண்டவன்போல. “மணிக்கணக்கா யாரு வந்து நிப்பா. நீங்க என்ன நினைச்சீங்களோ.”

“ஒண்ணும் நினைக்கல.”

ரெமி கோட்டின் உள்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தான். மிரியம் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டாளாம். படித்து முடித்த மறுநாள்தான் சாவுச் செய்தி வந்ததாம்.

“ஒண்ணு கேக்கலாமா சார்? தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி வரி.”

“அதுக்கென்ன?”

“அது அவங்க சொன்னதா?”

“அவ சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன்.”

“இல்ல, பதினொரு புத்தகத்துல ஒரு தடவைகூடக் கடைசிப் பக்கத்துல இது நடந்துச்சுன்னு சொன்னதில்ல. எனக்கு விட்டுடுவாங்க. அதான் கேட்டேன்.”

“இந்தத் தடவை சொல்லிட்டா.”

ரெமி தாளைப் பார்த்தான். “சரி,” என்றான். “அவங்க சொன்னா சரி. கரடியை எழுப்பிடறேன்.”

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இந்த மனிதன் ஊருக்குப் போய் மூன்று மாதம் உட்கார்ந்து ஓரினுடைய வாக்கியத்தை வரைவான். நீலப் பனியை உருக்கிப் புல் வரைவான். புத்தகம் இருக்கும்வரை அவள் வரிகளுக்குப் பக்கத்தில் ஓரினுடைய ஒரு வரி இருக்கும். யாருக்கும் தெரியாமல், அவளுக்கும் தெரியாமல். ஓரினுக்கு ஒரு நிமிஷம் உடம்பு லேசானது. கையிலிருந்த பன்னைக் கடித்துக்கூடப் பார்த்தார்.

“இன்னொண்ணு,” என்றான் ரெமி. “அவங்க வாய்விட்டுப் படிப்பாங்களா?”

“யாரு, ஆர்டித்தா? ஒரு வரி எழுதினா நூறு தடவை படிப்பா. நான் லாரி ஓட்டிட்டு வந்து காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், தலைமேல வந்து நின்னு படிப்பா. தூங்கவிட மாட்டா.”

“நூறு தடவை,” என்றான் ரெமி. தாள்களை முழங்காலில் வைத்து மடிப்புகளைத் தடவினான். “எனக்கு அவங்க குரலே தெரியாது. இருபத்திரண்டு வருஷமா நானா ஒரு குரலை வெச்சுக்கிட்டு வரைஞ்சேன். உங்களை நினைச்சாப் பொறாமையா இருக்கும் சார். மிரியம்கிட்டயே சொல்லியிருக்கேன். அந்த வீட்ல ஒரு ஆளு சும்மா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காருன்னு.”

ஓரின் பன்னை மென்று விழுங்கினார்.

“கரடி எப்படிப் பேசும்?” என்று கேட்டான் ரெமி.

“கரடியா?” ஓரின் கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டார். அவர் கண்ணாடி வீட்டில் இருந்தது. ரெமி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு முகவாயை மார்பில் அழுத்தினார். ஆர்டித் அப்படித்தான் அழுத்துவாள். “நான் தூங்கிட்டா உனக்கு யாரு இருக்கா?” குரல் மூக்கில் அடைபட்டு, ஒவ்வொரு சொல்லும் கொட்டாவியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

ரெமி வாயைப் பொத்திக்கொண்டான். “தப்பா வரைஞ்சிருக்கேன்,” என்றான். “இவ்வளவு சளி பிடிச்ச கரடியா அது.”

“எப்பவும் சளிதான்.”

“வாத்து?”

“வாத்துக்குன்னு தனியா குரல் கிடையாது,” என்றார் ஓரின். அது பொய். வாத்துக்குத்தான் குரல் இருந்தது. அதைப் பேசும்போது ஆர்டித் கண்ணை இடுக்கி, தலையை ஓரினின் பக்கம் சாய்த்துக்கொள்வாள். அதை அவர் இந்த அறையில் எடுக்கவில்லை. வாத்தின் வரிகளைச் சாலைத் துறை அறிக்கையைப் படிப்பதுபோலப் படித்தார்.

மற்றதையெல்லாம் அவள் படித்தபடியே படித்தார். கரடி மரத்தில் மோதும் இடத்தில் அவளைப்போலவே நாக்கைச் சொடுக்கினார். பக்கம் திரும்பும் இடங்களில் அவள் மூச்சை இழுத்து வைத்துக்கொள்வாள், கேட்கிற குழந்தை அடுத்த பக்கத்துக்கு எட்டிப் பார்க்கட்டும் என்று. அவரும் இழுத்து வைத்துக்கொண்டார். ரெமி முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்களை மூடிக் கேட்டான். ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை. ஓரினுக்கும் இப்போது கேட்டது.

“தூங்கு. நான் நடந்துட்டு வரேன்.”

ஓரின் மூச்சை இழுத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

முப்பது, முப்பத்தொன்று. கீழே வரி இருந்தது. வாயைத் திறந்தார். அதை ஆர்டித் எப்படிப் படிப்பாள் என்று தேடினார். எந்தச் சொல்லில் குரலை இறக்குவாள், எங்கே நிறுத்துவாள். தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. பக்கத்து அறையில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரெமி கண்ணைத் திறந்தான்.

“இதை அவ படிக்கல,” என்றார் ஓரின்.

ரெமி தலையசைத்தான்.

“வார்த்தை இல்லைன்னு போடச் சொன்னா. நான்தான்...” தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். “தான் சொன்ன மாதிரிதானேன்னு கேட்டா. ஆமான்னேன்.”

மேசை நடுவே தகர டப்பாவில் குழந்தைகளின் வண்ணக் குச்சிகள் இருந்தன. ரெமி அவற்றைத் தொடாமல் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி நீட்டினான். ஓரின் அதை வாங்கி, இடமிருந்து வலமாக ஒரே கோடு இழுத்தார். மறுபடி அதன்மேலேயே இழுத்தார்.

“இன்னொண்ணும் சொன்னா,” என்றார். பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும்வரை அதைச் சொல்லவில்லை. “உனக்குத் தெரியும்னு சொன்னா.”

ரெமி தாளைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இன்னும் ஓரினின் மூக்கின்மேல்தான் இருந்தது. அவனுக்கு அந்தப் பக்கத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

“எனக்கு என்ன சார் தெரியும்,” என்றான்.

பரிமாறிக்கொண்டிருந்த டாரிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள், கையில் காபிக் கெட்டில். குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தாள். “ஓரின், ஒண்ணே கால் ஆச்சு, ஜனங்க கிளம்பறாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஓரின் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். வருஷா வருஷம் வசந்தம் வரும்போது செய்வதுபோல, போன ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. இந்த அறையில் யாரும் தள்ளி வைக்கவில்லை. அதில் இன்னும் குளிர்கால நேரமே ஓடிக்கொண்டிருந்தது.